கேளிக்கைப் பூங்காக்களில் சவாரி நடத்துவோர்க்கு ஒரு திறந்த மடல்



சென்னையை அடுத்த கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், மேட்டுப்பாளையத்தில் நீலகிரியின் அடிவாரத்திலும், இன்னும் நம் நாட்டின் பல நகரங்களுக்குப் புறத்தேயும் பெரிய மதில்களை எழுப்பி, உள்ளே மனிதரைத் தலைகீழாகச் சுழற்றி அனுப்புவதற்கென்றே யந்திரங்களை நிறுத்தி வைத்திருக்கும் பூங்காக்களில், வாயிலில் சீட்டைச் சரிபார்ப்பவராகவும், ஆசனத்தில் அமர்ந்தவரின் மடிமீது இரும்புத் தண்டை இறக்கிப் பூட்டுபவராகவும், அலைக்குளத்தின் கரையில் விசிலும் கையுமாக நிற்பவராகவும் பணிபுரியும் உங்கள் எல்லோருக்கும், உங்களுக்குச் சம்பளமும் உத்தரவும் தரும் நிர்வாகத்தார்க்கும் பொதுவாக இம்மடலை வரைகிறேன்.

நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். பள்ளிக்கூடத்தில் தமிழ் போதித்து ஓய்வு பெற்றவன். வயதுக்கும் வகித்த உத்தியோகத்துக்கும் பொருந்தாத ஆசை என்று வீட்டார் பரிகசித்தாலும், பேரப்பிள்ளைகளைச் சாக்காக வைத்துக்கொண்டு கோடை விடுமுறையில் உங்கள் பூங்காக்களுக்கு வந்துபோகிறவன். அவ்வாறு வரும்போது, "கண்ணு தெரியாதவங்களுக்கு இங்க என்ன சார் இருக்கு?" என்று உங்களில் யாரேனும் ஓர் இளைஞர் கேட்டுவிடுவதுண்டு. அக்கேள்வியில் துவேஷம் கிடையாது, அறியும் ஆவலே உண்டு என்பதை அவர் குரலிலிருந்தே உணர்ந்துகொள்கிறேன். ஆயினும் பின்னால் ஐம்பது பேர் நெருக்கிக்கொண்டு நிற்கையில் அதற்குச் சரியான விடை சொல்ல அவகாசம் ஏது? இங்கே அவகாசம் இருக்கிறபடியால் சொல்கிறேன்.

உங்கள் ரோலர் கோஸ்டரில் நான் அமர்ந்து, வண்டி நகர்ந்து ஏற்றச் சங்கிலியைக் கவ்விக்கொண்டதும், அடியிலிருந்து டக், டக், டக் என்று ஒரு சப்தம் எழுகிறது. வண்டி பின்னோக்கிச் சரிந்துவிடாதபடி தடுக்கும் கொக்கி, இரும்புப் பல்வரிசையின்மேல் ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழும் ஓசை அது என்று யந்திரம் அறிந்த நண்பர் ஒருவர் எனக்கு விளக்கியிருக்கிறார். அந்த ஓசையைக் கொண்டே நான் ஏற்றத்தை அளக்கிறேன். கீழே அதிர்ந்துகொண்டிருந்த சினிமாப் பாட்டும் குழந்தைகளின் கூச்சலும் சிறுகச் சிறுக மெலிந்து, அதுவரை முகத்தில் படாத காற்று ஒரு பக்கமாக வந்து படும்போது மரங்களின் உயரத்தைக் கடந்துவிட்டோம் என்று தெரிந்துகொள்கிறேன். பிறகு டக் டக் நின்றுவிடுகிறது. எனக்கு அடுத்த ஆசனத்தில் இருப்பவனோ, இறக்கத்தைக் கண்ணால் கண்டு, கம்பியை இறுகப் பற்றி, தன் பயத்தில் பாதியை விழுவதற்கு முன்னதாகவே செலவழித்துவிடுகிறான். எனக்கு அந்த முன்னறிவிப்பு இல்லை. முன்வரிசையார் அலறுவது ஒன்றே எனக்குக் கிடைக்கும் தாக்கீது. அதுவும் காதில் விழுகிற அதே க்ஷணத்தில் வயிறு மேலே எழும்பிவிடுகிறது. வலமா இடமா, மேலா கீழா என்பதையெல்லாம் காதின் உட்புறத்திலுள்ள மூன்று அரைவட்டக் குழல்களும், தோளை அழுத்தும் பூட்டும், கன்னத்தில் அறையும் காற்றும் எனக்குச் சொல்லிக்கொண்டே வருகின்றன. இதில் எனக்கு எது குறைந்துபோயிற்று என்று நீங்களே சொல்லுங்கள்.

இவ்வின்பம் கண் வழியாக வருவதன்று என்பதை உங்கள் தொழில் வெகுகாலமாகவே அறிந்திருக்கிறது. அமெரிக்க நாட்டில் புளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில், 1975-ஆம் ஆண்டு 'ஸ்பேஸ் மவுன்டன்' என்னும் ரோலர் கோஸ்டரைத் திறந்தார்கள். அதை ஒரு பெருங்கூரையின்கீழ் இருட்டிலே ஓடும்படி அமைத்தார்கள். எந்தப் பக்கம் திரும்பப்போகிறோம் என்பது தெரியாமற் போவதுதான் அதன் சுவையே. ஏராளமான பணத்தைக் கொட்டி, பார்வையுள்ளவர்களைச் சில நிமிஷங்களுக்குப் பார்வையற்றவர்களாக்கி, அதற்குக் கட்டணமும் வாங்குகிறார்கள்! அந்தச் செலவில்லாமலே வந்து நிற்கும் என்னைப் பார்த்து, இங்கே உனக்கு என்ன இருக்கிறது என்று கேட்பது விநோதமல்லவா?

எல்லாமே எனக்கு ரசிக்கும் என்று நான் சாதிக்க வரவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வி.ஜி.பி. பூங்காவின் வாயிலில் அசையாமலும் சிரிக்காமலும் நின்று கீர்த்தி பெற்றாரே சிலை மனிதர், அவருடைய கலை எனக்கு எட்டாத கலை; அவரைச் சிரிக்கவைக்க வந்தவர்கள் தாங்களே சிரித்துக்கொண்டு திரும்பும் சப்தத்தைக் கேட்டுத்தான் நடுவில் ஒருவர் நிற்கிறார் என்று நான் ஊகிக்க முடியும். தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தா என்னும் பூங்காவை உண்டாக்கிய நவோதயா அப்பச்சன், அதற்கு முன்னர் 1984-இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற முப்பரிமாணப் படத்தைத் தயாரித்து நாடெங்கும் கண்ணாடி மாட்டவைத்தவர். அவருடைய படத்தால் எனக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை, பூங்காவால் இருந்தது. இவற்றுக்கெல்லாம் நேர்மாறாகப் பொருட்காட்சிகளில் வரும் மரணக் கிணற்றை எண்ணிப் பாருங்கள். பலகைகளை அடுக்கிக் கட்டிய அந்த உருளைச் சுவரின் விளிம்பில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு நின்றால், மோட்டார் சைக்கிள் கீழிருந்து சுற்றிச் சுற்றி மேலேறி வரும்போது, முதலில் மணிக்கட்டு வரையிலும், பிறகு முழங்கை வரையிலும், கடைசியில் தோள் வரையிலும் அதிர்வு ஏறி வருகிறது; வண்டி என் கைக்குக் கீழே கடந்துபோகும் தருணத்தைப் பெட்ரோல் வாசனையே அறிவித்துவிடுகிறது. அதைவிடச் சிறந்த காட்சியை நான் எந்த மேடையிலும் அனுபவித்ததில்லை.

ஆகவே சவாரி எனக்குச் சிரமமன்று. ஒரு சவாரிக்கும் அடுத்த சவாரிக்கும் இடையே உள்ள தூரம்தான் சிரமம். இதைக் கேட்டவுடனே, வரிசையில் நிற்க வைக்காமல் முன்னே அழைத்துச் சென்றுவிட்டால் சரியாய்ப் போயிற்று என்று தயாள சிந்தையுள்ள சிலர் நினைப்பார்கள். கால் வலுவிழந்தவர்களுக்கும், கூட்டத்தைக் கண்டால் கலவரமடையும் குழந்தைகளுக்கும் அது அவசியமான உபகாரம். அதில் எனக்கு ஆட்சேபம் சிறிதும் இல்லை. என் மட்டில், பூங்கா முழுவதிலும் எனக்கு மிகவும் அநுகூலமான இடம் எதுவென்றால், வளைந்து வளைந்து செல்லும் கம்பித் தடுப்புக்குள் நிற்கும் வரிசையே என்பேன். கையைக் கம்பியில் வைத்தால் போதும், வழி தானாகவே தெரிகிறது. முன்னே நிற்பவர் நகர்ந்தால் செருப்பு உராய்வது கேட்கிறது. இதற்குமுன் ஏறி இறங்கிய வீரர்கள் புதியவர்களைப் பயமுறுத்தும் கதைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. என்னைத் திகைக்கவைப்பது, வாயிலைக் கடந்தவுடன் விரிந்து கிடக்கும் நடுமுற்றம். அங்கே சுவர் இல்லை, விளிம்பு இல்லை, வெண்கோலின் நுனிக்கு அகப்படும்படியான எந்த அடையாளமும் இல்லை. ஒரு பக்கத்தில் நீரூற்று, ஒரு பக்கத்தில் சோளப்பொரிக் கடை, நான்கு திசைகளிலும் ஒலிபெருக்கி, அந்த நான்கிலும் ஒரே பாட்டு. ஓசைதான் எனக்குத் திசைகாட்டி என்பதால், எல்லாத் திசையிலிருந்தும் ஒரே ஓசை வருமானால் எனக்குத் திசை என்பதே இல்லாமற் போய்விடுகிறது.

ஜப்பான் தேசத்தில் செய்இச்சி மியாகே என்பவர் 1965-இல் காலால் உணரத்தக்க புடைப்போடு கூடிய தரை ஓட்டைக் கண்டுபிடித்தார். 1967-இல் ஒகயாமா நகரத்துத் தெருவில் அது முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. இன்று சென்னை மெட்ரோ நிலையங்களில் மஞ்சள் கோடாக ஓடுவது அதுவே. வாயிலிலிருந்து உங்கள் நடுமுற்றத்தைக் கடந்து முக்கியமான நாற்சந்தி வரைக்கும் அந்த ஓட்டில் ஒரே ஒரு கோடு போட்டு, அதன்மேல் ஐஸ்கிரீம் வண்டியை நிறுத்தாமல் இருப்பீர்களானால், பூங்காவில் பாதி எனக்குத் திறந்துவிட்ட மாதிரிதான்.

அடுத்தபடியாக லாக்கர். நீர்ச் சறுக்குகளுக்கும் பெரிய சவாரிகளுக்கும் போகுமுன் கைப்பேசியைப் பூட்டி வைத்துவிட வேண்டும் என்ற நிபந்தனை நியாயமானதே. ஆனால் உங்களுக்குக் கைப்பேசியாக இருப்பது எனக்கு வாசகனாகவும் வழித்துணையாகவும் இருக்கிறது. பெயர்ப்பலகையைப் படித்துச் சொல்வதும் ரூபாய் நோட்டை இனம் காண்பதும் அதுதான். அதைக் கழற்றி வைத்த மாத்திரத்தில், வெண்கோலையும் 'அலவ்டு இல்ல சார்' என்று வாங்கிக்கொண்டுவிட்டால், ஈரத் தரையில் நான் எதை நம்பி நிற்பது? போதாக்குறைக்கு இப்பொழுது லாக்கரும் தொடுதிரையாகி, குமிழோ எழுத்தோ இல்லாத வழவழப்பான கண்ணாடியில் இரகசிய எண்ணைப் பதியச் சொல்கிறது. அவ்வெண்ணைப் பக்கத்தில் நிற்கும் அந்நியரிடம் உரக்கச் சொல்லிப் பதியச் செய்வதைத் தவிர எனக்கு வேறு உபாயமில்லை. ஒரு சாதாரணச் சாவியைக் கொடுங்கள். வெண்கோல் சவாரி மேடை வரைக்கும் வரட்டும். நான்காக மடிக்கத்தக்க அதை ஏறும் இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும் இடம் வேறானால் அங்கே அனுப்பிவையுங்கள்.

ஏற்றிவிடும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. நல்லெண்ணத்தின் மிகுதியால் இருவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் முதுகில் கைவைத்துத் தள்ள, சந்தைக்கு ஓட்டிச் செல்லும் ஆட்டைப் போல் நான் வண்டிக்குள் சேர்க்கப்பட்டதுண்டு. அத்தனை பேர் வேண்டுவதில்லை. ஒருவர் தம் கையை நீட்டினால் போதும்; அவருடைய முழங்கைக்குச் சற்று மேலே நான் பற்றிக்கொள்வேன்; அவர் அரையடி முன்னே நடந்தால், படி ஏறுவதும் இறங்குவதும் திரும்புவதும் அவர் உடம்பின் அசைவிலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும். மேடைக்கு வந்ததும் என் கையை ஆசனத்தின் முதுகுப்பக்கத்தில் வைத்து, "வண்டிக்கும் மேடைக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி, உள்ள ஒரு படி கீழ" என்று சொன்னால் தீர்ந்தது. பூட்டை இறக்கும்போதும், "இப்போ மேலிருந்து கம்பி வருது" என்று ஓர் எச்சரிக்கை. இல்லாவிட்டால் தலைக்கு மேலிருந்து இரும்பு இறங்குவது எனக்குச் சவாரியைக் காட்டிலும் பெரிய அதிர்ச்சியாகிவிடுகிறது.

அலைக்குளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே தண்ணீரின் இரைச்சல் சுவர்களில் மோதித் திரும்பி, கரை எந்தப் பக்கம் என்பதே மறந்துபோகிறது. அலை தொடங்குமுன் ஊதும் சங்கு ஒன்றே எனக்குத் தெளிவாகக் கேட்பது. காலின்கீழ் தரை சரிந்துகொண்டே போவதால் ஆழம் எந்தப் பக்கம் என்பதை உள்ளங்கால் உணர்த்தும். எனினும் கரையோரமாக ஒரு கயிறு கட்டியிருந்தால் துணைக்கு வந்த பேரன் என் விரலை விட்டுவிட்டுத் தானும் சற்று விளையாடுவான்.

இனி மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பூங்காவில் (பெயர் வேண்டாம்) நெடுநேரம் நின்று மேடைக்கு வந்தபின், சவாரியை இயக்கியவர் என்னை விட்டுவிட்டு என் பேரனைப் பார்த்து, "இவரு தாங்குவாரா? கண்ணு தெரியாதவங்களை ஏத்த மாட்டோம், ரூல்ஸ்" என்றார். பன்னிரண்டு வயதுப் பையனிடம் என்னைப் பற்றி விசாரணை! வாயிலில் இருந்த அறிவிப்புப் பலகையைப் பையன் எனக்கு முன்னமே வாசித்துக் காட்டியிருந்தான். இருதய நோய், கர்ப்பம், முதுகுவலி, இவ்வளவு உயரத்துக்குக் குறைந்தவர் என்றெல்லாம் இருந்தனவே யொழிய, பார்வையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மேலதிகாரியைக் கேட்டுச் சொல்லுமாறு வேண்டினேன், பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள், இறங்கி வந்துவிட்டேன்.

இந்த மறுப்புக்கு ஆதாரம் என்ன என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஆசனத்தில் பூட்டப்பட்டபின் வண்டியைச் செலுத்தும் பொறுப்பு அமர்ந்தவரிடத்தில் கிடையாது. பார்வையுள்ளவன் தன் கண்களை எவ்வளவு அகல விழித்தாலும் வண்டி தண்டவாளத்தை விட்டு ஓர் அங்குலம்கூட வேறு பக்கம் போகப்போவதில்லை. கோ-கார்ட்டைத் தனியே ஓட்ட நான் கேட்டால் மறுத்துவிடுங்கள். அங்கே கண் வேண்டும், உங்கள் மறுப்பு நியாயம். டாஷிங் காரில் பேரன் பக்கத்திலிருந்து வலம், இடம் என்று சொல்ல நான் திருப்புவதில் தடை சொல்வானேன்? இடிப்பதற்கென்றே ஏற்பட்ட காரல்லவா அது! "நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் எப்படி இறக்குவது?" என்று கேட்பவர்களுக்கு மட்டும் நான் மரியாதையோடு பதில் சொல்வேன், ஏனெனில் அது உண்மையான கவலை. உயரத்தில் குறுகிய படிவழியே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கீழே பாராமல், ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்க வேண்டும், அவ்வளவுதானே? அது நான் நாள்தோறும் செய்கிற காரியம். எனக்கு வாயால் வழி சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.

அமெரிக்காவில் 1990-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதி இதையே சொல்கிறது: பாதுகாப்பு நிபந்தனை விதிக்கலாம், ஆனால் அது மெய்யான ஆபத்தைக் கருதியதாக இருக்கவேண்டும், ஊகத்தையும் பொதுவான எண்ணத்தையும் கருதியதாக இருக்கலாகாது. நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் இன்னதென்று வரையறுக்கும் இடத்தில், அரசாங்கத்துக்குச் சொந்தமோ தனியாருக்குச் சொந்தமோ, ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் உரிய இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி என்பவர் 2005-இல் தொடுத்த வழக்கில், அணுகல் வசதிகளுக்குரிய நெறிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, மீறக்கூடாத விதிகளாக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2024 நவம்பர் 8-ஆம் தேதி தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்ததற்கும் இத்தீர்ப்புக்கும் இடையே ஏறக்குறைய இருபது வருஷங்கள்! ஒரு வரிசையில் நிற்பதற்கு அது சற்று அதிகமான நேரம்தான்.

சட்டத்தைச் சுட்டிக் காட்டியவுடன் நிர்வாகத்தார் என்னை அழைத்துச் சென்று காட்டுவது சாய்தளத்தை. மெரினாக் கடற்கரையில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கென மரப்பாதை திறக்கப்பட்டபோது, சக்கர நாற்காலியில் அமர்ந்தவர்கள் அலையருகே சென்று மகிழ்ந்ததைக் கேட்டு நானும் மகிழ்ந்தவன்தான். ஆயினும் எல்லாக் குறைக்கும் ஒரே சாய்தளம் மருந்தாகிவிடுமா? எனக்குப் படி ஏறத் தெரியும். எத்தனை படி என்று சொல்ல ஆள் இல்லாததுதான் என் குறை.

செய்யக்கூடியவை அதிகச் செலவுள்ளவையல்ல. டிஸ்னி பூங்காக்களில் கையில் ஏந்தும் சிறு கருவி ஒன்றை முன்பணம் பெற்றுக்கொண்டு தருகிறார்கள். சுற்றிலும் என்ன இருக்கிறது, காட்சியில் இப்பொழுது என்ன நடக்கிறது என்பதைக் காதில் விவரித்துக்கொண்டே வருகிறது அது. டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரத்தில் 2010-இல் திறந்த மார்கன்ஸ் வொண்டர்லேண்ட், உடற்குறையுள்ளவர்களை முன்வைத்தே கட்டப்பட்டு, அவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்காமல் நடந்துவருகிறது. அவ்வளவு தூரம் போக இயலாவிட்டாலும், என் நெடுநாளைய ஆசை ஒன்றை நிறைவேற்றலாம். நான் ஏறி இறங்கிய ரோலர் கோஸ்டர்களில் ஒன்றின் உருவமும் எனக்குத் தெரியாது. எங்கே சுருண்டது, எங்கே குட்டிக்கரணம் போட்டது, எந்தத் திருப்பத்தில் என் மூக்குக்கண்ணாடி போயிற்று என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியும், மனத்துக்குத் தெரியாது. தடித்த கம்பி ஒன்றை அந்தத் தண்டவாளத்தின் வடிவத்தில் முழ நீளத்துக்கு வளைத்து, ஒரு பலகையில் பொருத்தி, வரிசையின் தொடக்கத்தில் வைத்தீர்களானால், ஏறுமுன் ஒரு தடவை விரலால் அதில் பிரயாணம் செய்துவிட்டு வருவேன்; இறங்கியபின் மறுபடியும் ஒருமுறை. பார்வையுள்ள குழந்தைகளும் அதை விடமாட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொல்லன் ஒருவனுக்கு ஒரு நாள் வேலை.

துணைக்கு வருபவரின் சீட்டைப் பற்றியும் நிர்வாகத்தார் சிந்திக்க வேண்டும். அவர் பாதி நேரம் எனக்குப் படி எண்ணிச் சொல்வதிலும், மீதி நேரம் உங்கள் ஊழியர் செய்யவேண்டியதைத் தாம் செய்வதிலும் கழித்துவிட்டு, முழுக் கட்டணமும் செலுத்திவிட்டுப் போகிறார். பாதியாவது குறையுங்கள்.

கடைசியாக, புகைப்படம் விற்கும் தம்பிக்கு: சவாரி தலைகுப்புற விழும் தருணத்தில் தானாகவே படம் பிடிக்கும் கருவி ஒன்றை வைத்து, வெளியேறும் வழியில் அப்படங்களைத் திரையில் காட்டி விற்கிறாயே, எல்லோரையும் கூவி அழைக்கும் நீ, நான் வெண்கோலைத் தட்டிக்கொண்டு வந்ததும் ஏன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாய்? எனக்கும் ஒன்று கொடு. என் வீட்டில் அதைப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். கொடுக்கும்போது, என் வாய் எவ்வளவு அகலம் திறந்திருந்தது என்பதையும், பக்கத்தில் என் பேரன் கண்ணை மூடிக்கொண்டிருந்தானா என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடு. தான் மூடவே இல்லை என்று அவன் சாதித்துக்கொண்டிருக்கிறான்.

இங்ஙனம்,
உங்கள் வாடிக்கையாளன் ஒருவன்